மேட்டுக்குருசடிக்கு வந்த வரிசை

இதை எனக்கு முழுசாகச் சொன்னவள் சலேத்மேரி. போன தவக்காலத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து, கோயில் வாசலில் நாங்கள் இரண்டு பேரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவள் செருப்பு உடனே கிடைத்துவிட்டது, என்னுடையதுதான் கிடைக்கவில்லை. கூட நின்று தேடிக் கொடுக்கிறேன், அதுவரைக்கும் இதைக் கேள் என்று பிடித்துக்கொண்டாள். சலேத்மேரி ஒன்றை நாலாகச் சொல்கிறவள். நானோ எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள், அந்த நாலில் எந்த மூன்றைக் கழிப்பது என்று எனக்குத் தெரியாது. அதனால் அவள் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். கூட்டிச் சொன்னது அவள் பாவம், குறைக்காமல் விட்டது என் பாவம்.

மேட்டுக்குருசடியில் அமலோற்பவம் என்று ஒருத்தி இருக்கிறாள். மூன்று பிள்ளைகளைப் பெற்று, மகன்கள் இரண்டு பேரையும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் மகள் சகாயத்தைக் கரூருக்கும் அனுப்பிவிட்டு, காலையில் பூசை, சாயங்காலம் ஜெபமாலை, நடுவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சி என்று இருக்கிறவள். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது. கடன் கேட்ட சர்க்கரையைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மாதம் வெறும் காபி குடித்தவள் அவள். புருஷன் சந்தியாகு ஹைவே ஓரத்தில் முப்பது வருஷமாக இளநீர் வெட்டுகிறவர். "குடிங்க, கிட்னிக்கு நல்லது" என்று போகிற வருகிற கார்க்காரர்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னவர், விற்காமல் மிஞ்சியதை வீணாக்கக்கூடாது என்று தானே வெட்டிக் குடித்தவர். அவருக்குத்தான் புரட்டாசி மாதத்தில் ஒருநாள் கால் வீங்கி, செருப்பு நுழையாமல், ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் கிட்னி இரண்டும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது என்று வந்தது.

"இளநீர் பக்கமே போகக்கூடாது, அதுல இருக்கிற பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திடும். தண்ணி ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். சீக்கிரமா கிட்னி ஸ்பெஷலிஸ்ட்டைப் பாருங்க, ஒரு மாசம் தாண்டக் கூடாது" என்றார் ஊர் டாக்டர்.

"முப்பது வருஷமா எத்தனை பேருக்கு வெட்டிக் குடுத்திருக்கேன்" என்றார் சந்தியாகு, வெளியே வந்ததும். "அதுல எத்தனை பேரு இருக்காங்களோ."

அரசாங்கக் காப்பீட்டு அட்டை ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது. முகாம் போட்டு எடுத்த அட்டை. அதில் சந்தியாகு சிரித்துக்கொண்டிருப்பார், அமலோற்பவம் சரியாக அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடியிருப்பாள். அந்த அட்டையை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு, புருஷனையும் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு, அவள் டாக்டர் தேடிப் புறப்பட்டாள். முதல் ஆஸ்பத்திரியில் அட்டை செல்லும், கிட்னி டாக்டர் இல்லை. இரண்டாவதில் கிட்னி டாக்டர் இருந்தார், அட்டை செல்லாது. மூன்றாவதில் அட்டையும் செல்லும், டாக்டரும் உண்டு, ஆனால் அவர் கல் எடுக்கிற டாக்டர், கல் இல்லாத கிட்னியை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான்காவதில் அந்த அட்டை கண்ணுக்குச் செல்லும், முட்டிக்குச் செல்லும், கர்ப்பப்பைக்குச் செல்லும், கிட்னிக்கு மட்டும் செல்லாது. கவுண்டரில் இருந்த பெண் பரிவோடு, "உங்களுக்குக் கர்ப்பப்பையில ஏதும் தொந்தரவு இருக்காம்மா?" என்று கேட்டாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சும்மா போவானேன் என்று அமலோற்பவம் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தாள் என்பதும் உண்மைதான்.

அன்றைக்குச் சாயங்காலம், ஊர் முனையில் அந்தோணியார் சிலை இருக்கிற குருசடியில் போய் முழங்கால் போட்டாள். அவள் ஜெபம் எப்போதுமே சின்ன ஜெபம். பெரிதாகக் கேட்டால் கேட்கப்பட்டவருக்குச் சங்கடம் என்று நினைக்கிறவள். "சொகமாக்குங்கன்னு கேக்கலை அந்தோணியாரே, உங்களுக்கு எத்தனையோ வேலை இருக்கும். எங்க போய் நிக்கணும்னு மட்டும் காட்டுங்க. நிக்கிறதை நான் நின்னுக்கிறேன்" என்றாள்.

மறுநாள் விடிந்து, அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று அவள் சமையல்கட்டுக்குப் போனபோது, கிரைண்டருக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை, பைக்குள் ஸ்கேன் கவர், தோளில் துண்டு. அவருக்கு முன்னால் பின்வாசல் படியில் ஒரு அம்மா, அந்த அம்மாவுக்கு முன்னால் கொய்யா மரத்தடியில் ஒரு மாமா, அவருக்கு முன்னால் வேலி தாண்டி, சலேத்மேரி வீட்டுத் துணிக்கொடிக்கு அடியில் குனிந்து, பள்ளிக்கூட மதிலில் ஏறி இறங்கி, வாய்க்கால் கரையோடு போய், ஹைவேயைப் பிடித்து, வடக்கே பார்க்கிறவரைக்கும் ஆள் ஆளாக, பை பையாக ஒரு வரிசை.

"கிட்னி டாக்டருக்குத்தானே?" என்றார் மஞ்சள் பைக்காரர். "அட்டை வாங்கிக்கிற டாக்டரு. டவுன்ல, ஆத்துப்பாலத்துக்கிட்ட. எனக்குப் பின்னால நீங்க."

"நாப்பது கிலோமீட்டர் இருக்குமே" என்றாள் அமலோற்பவம்.

"இருக்கும்க்கா. நேத்துவரைக்கும் கடைசி ஆளு பக்கத்து ஊரு மாவு மில்லுல நின்னாரு. ராத்திரியில நீண்டுடுச்சு."

"காபி குடிக்கிறீங்களா?"

"அரை டம்ளர் போதும். முக்கால் லிட்டர் கணக்கு."

அப்படித்தான் வரிசை மேட்டுக்குருசடிக்கு வந்தது. ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஏன் வந்தது, எப்படி ஒரே ராத்திரியில் சமையல்கட்டுவரைக்கும் நீண்டது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் காலையில் எழுந்ததும் எல்லாருக்கும் வேறு வேறு கவலை இருந்தது. சலேத்மேரிக்குத் துணி காயப்போட இடமில்லை. பள்ளிக்கூட டீச்சருக்கு, ஏழாம் வாய்ப்பாட்டில் பிள்ளைகள் தடுமாறும்போதெல்லாம் மதிலுக்கு வெளியே நிற்கிறவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறார்கள் என்று கவலை. மினி பஸ்காரர் வரிசை குறுக்கே போகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, "கொஞ்சம் மடங்கி நில்லுங்கப்பா" என்பார், வரிசை முழங்கை மாதிரி மடங்கும், பஸ் போகும், வரிசை நிமிரும். பங்குச் சாமியாருக்குத்தான் பெரிய தலைவலி. முதல் ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க நின்ற வரிசை எப்படியோ இதோடு கலந்துபோய், வயதான அம்மாமார்கள் மூன்று பேர் கைகூப்பி, கண்ணை மூடி, நாக்கை நீட்டிக்கொண்டே வாய்க்கால் பாலம்வரைக்கும் போய்விட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து கோயில் உபதேசியார் இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு பெஞ்சைப் போட்டுவிட்டார்.

உப்பு குறைந்த இட்லி, உப்பு குறைந்த சாம்பார் என்று சலேத்மேரி கடை போட்டாள். வரிசையில் நிற்கிறவர்களுக்கு உப்பு ஆகாது, வரிசைக்கு ஒரு உலை, வீட்டுக்கு ஒரு உலை என்று வைக்க யாருக்கும் கேஸ் இல்லை. பத்து நாளில் ஊரே உப்பில்லாமல் சாப்பிட்டு, பத்து வருஷமாகச் சண்டை போட்ட இரண்டு பங்காளிகள் சத்தம் போடவே தெம்பில்லாமல் சமாதானமாகிவிட்டார்கள். சந்தியாகு மட்டும் ஹைவே ஓரத்தில் தன் இளநீர்க் குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆயுசில் இவ்வளவு கூட்டத்தை அவர் கடைக்கு முன்னால் பார்த்ததில்லை. அத்தனை பேரும் கிட்னிக்காரர்கள், ஒருத்தரும் ஒரு வாய் குடிக்கக்கூடாது. "நல்லா வந்து சேர்ந்தீங்கப்பா" என்பார் அவர்களைப் பார்த்து, அவர்களும் சிரிப்பார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கே வரிசையைக் கண்டாலும் நாங்கள் முதலில் ஒரு கல்லை வைத்துவிட்டு, அப்புறம்தான் எதற்கு வரிசை என்று விசாரிப்போம். ரேஷன் கடையில் பழகின பழக்கம். கல் வைத்தால் அது ஆள் மாதிரி. செருப்பு வைத்தால் அதுவும் ஆள். பை, தூக்குவாளி, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி எல்லாமே ஆள். அடுத்தவர் வைத்த கல்லை எடுத்துப் போடுவது அடுத்தவர் கழுத்தில் கை வைத்துத் தள்ளுவதற்குச் சமம். கொலைகாரன்கூட அதைச் செய்யமாட்டான். அதனால் வரிசை வந்த முதல் வாரத்திலேயே மேட்டுக்குருசடிக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று வைத்துவிட்டார்கள். சலேத்மேரி மூன்று வைத்தாள்: தனக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, நாத்தனார் மருமகள் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்று. ஒருத்தருக்கும் கிட்னியில் கோளாறு இல்லை. நான் பக்கத்து ஊர்தான். கேள்விப்பட்ட அன்றைக்கே மினி பஸ் ஏறிப் போய் ஒரு கல் வைத்துவிட்டு வந்தேன், என் முட்டிவலிக்கு. கிட்னி டாக்டர் முட்டி பார்க்கமாட்டார் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அமலோற்பவத்துக்கு இதெல்லாம் பிரச்சினை இல்லை, அவளுக்கு இடம் சமையல்கட்டிலேயே இருந்தது. பிரச்சினை அவளேதான். மூன்றாம் நாள் ஒருத்தன் தாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். "அக்கா, அம்மாவுக்கு மூச்சு வாங்குது" என்றான். "நீ முன்னால போய்யா" என்றாள் அமலோற்பவம். நாலாம் நாள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு வாத்தியார். "போங்க சார்." ஐந்தாம் நாள் ஒரு குடும்பமே வந்தது, அவர்களில் யார் நோயாளி என்று கேட்கக் கூச்சப்பட்டு எல்லாரையும் விட்டாள். வரிசைக் கடைசியில் ஒரு நல்ல அக்கா இருக்கிறாள், கேட்டால் விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று ஊர் ஊராகப் பேச்சுப் போனது. போகட்டுமே என்றுதான் அவளுக்கும் இருந்தது. கேட்கக் கேட்கக் காதுக்குக் கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. ஒருநாள் அவளுக்குப் பின்னால் ஒரு ஒற்றைச் செருப்பு, யாருடையது என்றே தெரியாது, அதற்குக்கூட, "யாரோ அவசரத்துல விட்டுட்டுப் போயிருக்காங்க பாவம்" என்று ஒதுங்கி இடம் கொடுத்தாள்.

இப்படி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து அவள் பின்னால் வந்தாள். கிரைண்டர் பக்கத்திலிருந்து நடுவீட்டுக்கு வந்தாள், நடுவீட்டிலிருந்து முன்வாசலுக்கு வந்தாள், முன்வாசலிலிருந்து தெருவுக்கு வந்தாள். இருபதாம் நாள் பார்த்தால் அவள் வீடே வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றது. உலை வைக்க உள்ளே போகவேண்டும் என்றால் ஏழு பேரிடம் அனுமதி கேட்கவேண்டியிருந்தது.

மகள் சகாயம் கரூரிலிருந்து போனில் கத்தினாள். "எம்மா, உனக்குப் புனிதர் பட்டம் குடுக்கிறதுக்குள்ள அப்பாவுக்கு அடக்கப் பூசை வச்சிருவீங்க போல. நீ யாரும்மா அவங்களுக்கு எல்லாம் இடம் குடுக்க? அது உன் இடமா? அப்பா இடம்!"

"அவங்களுக்கும் அவசரம்தானே தாயி."

"அப்பாவுக்கு என்ன, பொழுதுபோக்கா?"

சந்தியாகு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வீக்கம் முழங்கால்வரை ஏறியிருந்தது. கல்யாண மோதிரத்தைக் கழற்ற முடியாமல் சோப்புத் தண்ணீரில் விரலை ஊறவைத்துக்கொண்டு, "நீ நல்லவன்னு ஊருக்கே தெரியும் அமலு. என் கிட்னிக்குத்தான் இன்னும் தெரியலை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

இருபத்து மூன்றாம் நாள், முற்பகல் பதினோரு மணிக்கு, சந்தியாகுவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு இரைக்க ஆரம்பித்தது. சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, "தண்ணி நெஞ்சுல ஏறுது. ரெண்டு நாள்கூடத் தாங்காது" என்று அமலோற்பவத்தின் காதில் சொல்லிவிட்டுப் போனாள். அந்த நேரம் பார்த்து ஒரு சின்னப் பெண், இருபது வயதுகூட இருக்காது, அப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "நல்ல அக்கா நீங்கதானே? எங்கப்பாவுக்கு ரொம்ப முடியலைக்கா."

அமலோற்பவம் அந்தப் பெண்ணைப் பார்த்தாள், அந்த அப்பனைப் பார்த்தாள். நாற்காலியில் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்த தன் புருஷனைப் பார்த்தாள்.

"முடியாதும்மா" என்றாள்.

வானம் இடிந்து விழவில்லை. அந்தப் பெண் முகம் சுளிக்கக்கூட இல்லை. "சரிங்கக்கா" என்று அப்பனைக் கூட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றாள், அவ்வளவுதான். இத்தனை சுலபமான காரியத்துக்கா இருபத்து மூன்று நாள் பயந்தோம் என்று அமலோற்பவத்துக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. வந்த கோபத்தோடு கோபமாக, "சலேத்து, நான் போய் முன்னால யாரு நிக்கிறாங்கன்னு பார்த்துட்டு வாரேன்" என்றாள்.

"போய்ட்டு வாக்கா. மாமாவை நான் பார்த்துக்கிறேன்."

"நானும் வாரேன்" என்றார் சந்தியாகு. "வாலையே இத்தனை நாளா பார்த்துக்கிட்டு இருக்கேன். சாகிறதுக்கு முன்னால தலையையும் பார்த்துடுறேன்."

இடம் போய்விடக்கூடாதே என்று அமலோற்பவம் அம்மிக் குழவியை எடுத்து வைத்துவிட்டு, அதன்மேல் ஒரு சிலுவையும் போட்டுவிட்டு, பஸ் ஏறினாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஊர் எல்லைவரைக்கும் ஆட்கள் நின்றார்கள், குடை பிடித்துக்கொண்டு, ஜெபமாலை உருட்டிக்கொண்டு, செல்போன் பார்த்துக்கொண்டு. வாய்க்கால் பாலத்தில் மஞ்சள் பைக்காரரின் மஞ்சள் பை இருந்தது, அவர் இல்லை; அக்கா மகள் சடங்குக்குப் போயிருக்கிறார் என்று பக்கத்தில் நின்றவர் கத்திச் சொன்னார். மாவு மில்லைத் தாண்டியதும் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டார்கள். சுங்கச்சாவடி தாண்டியதும் பத்துப் பையில் ஒரு ஆள். அதற்கப்புறம் ஆளே இல்லை. கல், கல், செருப்பு, தூக்குவாளி, கல், தண்ணீர் கேன், கல், நாற்காலி. கிலோமீட்டர் கிலோமீட்டராக, ஒழுங்காக, ஒன்றை ஒன்று இடிக்காமல், வெயிலில் நின்றுகொண்டிருந்தன. ஓரிடத்தில் ஒரு தண்ணீர் கேனுக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். பூ காய்ந்து நாளாகிவிட்டது, கேனை எடுக்க அந்த வீட்டுக்காரர்களுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. சந்தியாகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். தினமும் கொஞ்சம் நகர்கிறது, நகர்கிறது என்று ஊரே சந்தோஷப்பட்டதே, அது முன்னால் யாரும் உள்ளே போனதால் இல்லை, பின்னால் நின்றவர்கள் நெருக்கி நின்றதால்தான் என்று அமலோற்பவத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் இரண்டு மாடிக் கட்டிடம். வாசலில், அரசுக் காப்பீட்டு அட்டை ஏற்றுக்கொள்ளப்படும் என்று தெளிவாக ஒரு போர்டு. கதவு திறந்துதான் இருந்தது. கதவுக்கு முன்னால், எல்லாவற்றுக்கும் முதலாக, நீலத் துண்டு சுற்றிய ஒரு அரைச் செங்கல்.

"வரிசையில வாங்கம்மா" என்றார் வாட்ச்மேன்.

"முன்னால யாருங்கய்யா இருக்கா?"

"இவருதான்" என்று செங்கல்லைக் காட்டினார். "ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்காரு."

"எப்போ போனாரு?"

"ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாளு."

அப்போது ஐப்பசி பாதி தாண்டியிருந்தது.

"ஏங்க, அப்போலேருந்து ஒருத்தரும் உள்ள போகலையா?"

"எப்படிம்மா போறது? முதல் ஆளு அவரு. நர்ஸம்மா தினம் ஒன்பது மணிக்கு வந்து 'அடுத்தவங்க வரலாம்'னு கூப்பிடுவாங்க, ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க, உள்ள போயிடுவாங்க. மழை வந்தா நான்தான் சாக்கு போட்டு மூடுறேன்" என்றார், பொறுப்பான குரலில். "அவரு இடத்தை நான் எடுத்துவிட்டு, நாளைக்கு அவரு வந்து நியாயம் கேட்டா யாரு பதில் சொல்றது?"

அமலோற்பவம் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே மின்விசிறிக்கு அடியில் ஒரு டாக்டரம்மா மேசைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்கு விருந்தாளிகளைக் கூப்பிட்டுவிட்டு, எல்லாவற்றையும் சமைத்து வைத்துவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம். பக்கத்தில் நாலு மெஷின், நாலு கட்டில், நாலு கட்டிலிலும் மடிப்புக் கலையாத விரிப்பு.

சந்தியாகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு விடுகிற சத்தம் மட்டும், ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி கேட்டது.

பிறந்ததிலிருந்து எந்தக் காரியமும் யாராவது ஒரு புனிதரைக் கேட்காமல் அவள் செய்ததில்லை. ஆடு காணாமல் போனால் ஒருத்தர், தொண்டை வலித்தால் ஒருத்தர், பரீட்சைக்கு ஒருத்தர் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வைத்திருந்தாள். இதற்கு யாரையும் கேட்கவில்லை. கேட்டால், கொஞ்சம் பொறு மகளே என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், அவர்கள் எல்லாருமே பொறுத்துப் பொறுத்துத்தான் புனிதர் ஆனவர்கள் என்று அவளுக்குத் தெரியும். குனிந்தாள். "கோவிச்சுக்காதீங்க" என்று செங்கல்லிடம் சொன்னாள். இரண்டு கையாலும் தூக்கி, ஒரு முழம் தள்ளி, நிழலாகப் பார்த்து வைத்தாள், துண்டு அவிழாமல்.

"எம்மா! எம்மா!" என்று வாட்ச்மேன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னங்க, எந்திரிங்க" என்றாள் அமலோற்பவம் புருஷனைப் பார்த்து. "நம்ம முறை."

உள்ளே போனதும் டாக்டரம்மா எழுந்தே நின்றுவிட்டார். அவர் பெயர் ஷர்மிளா பானு. அட்டையை வாங்கிப் பார்த்தார், கண்ணை மூடியிருக்கிற படத்தைப் பார்த்தார், அமலோற்பவத்தைப் பார்த்தார். "நீங்கதானா இது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், சந்தியாகுவின் காலில் விரலை அழுத்தி, குழி விழுந்ததைப் பார்த்து, "நர்ஸ், மெஷினைப் போடுங்க" என்றார். "ஒருநாள் கழிச்சு வந்திருந்தா உங்களுக்கு நான் தேவைப்பட்டிருக்க மாட்டேன்" என்றும் சொன்னார், மெதுவாக.

நாலு மணி நேரம் மெஷின் ஓடியது. அந்த நாலு மணி நேரமும் அமலோற்பவம் சும்மா இருக்கவில்லை, வாசலில் போய் நின்றுகொண்டு பின்னால் சொல்லி அனுப்பினாள்: ஆளாக நிற்கிறவர்கள் வரலாம், கல்லை எல்லாம் ஓரமாக வையுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பஸ்காரர்கள் கேட்டுக்கொண்டு போய் ஊர் ஊராகச் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் அவள் முடியாது என்று சொன்ன அந்தப் பெண்ணும் அப்பனும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், அப்பனை அடுத்த கட்டிலில் படுக்க வைத்தாயிற்று. "அக்கா, நீங்க முடியாதுன்னு சொன்னதும் நல்லதாப் போச்சு. எனக்கு விட்டுக்குடுத்திருந்தீங்கன்னா நீங்களும் அங்கேயே நின்னிருப்பீங்க" என்றாள் அந்தப் பெண். அமலோற்பவத்துக்கு இதற்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். நாற்பது கிலோமீட்டர் வரிசையைத் தாண்டிக்கொண்டு முன்னால் போனேன் சாமி, அடுத்தவர் கல்லைத் தொட்டு நகர்த்தினேன் சாமி என்று அழுதாள். சாமியார் கம்பிக்கு அந்தப் பக்கம் கடைசிவரை கேட்டார். அப்புறம், "முந்திக்கிட்டுப் போனதுக்குப் பத்து அருள்நிறைந்த மரியே" என்றார். "இருபத்து மூணு நாள் விட்டுக்குடுத்துக்கிட்டு நின்னதுக்கு முழு ஜெபமாலை. முழங்கால்ல."

சந்தியாகு சுகமாகிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன், சலேத்மேரியே அப்படிச் சொல்லவில்லை. நின்ற கிட்னி நின்றதுதான். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் பஸ் ஏறிப் போகிறார்கள், அட்டையைக் கொடுக்கிறார்கள், நாலு மணி நேரம் படுத்திருக்கிறார், ரத்தத்தைக் கழுவி உள்ளே விடுகிறார்கள், திரும்பி வருகிறார்கள். இப்போது செருப்பு நுழைகிறது. டாக்டரம்மா அவரைப் பார்த்தால் இப்போதும் எழுந்து நிற்கிறார். முதல் ஆள் இல்லையா.

சலேத்மேரி இதைச் சொல்லி முடித்தபோது கோயில் வாசலில் யாரும் இல்லை, என் செருப்பும் இல்லை, நான் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன். அதற்கப்புறம் இரண்டு தடவை டவுனுக்குப் போய் அவர்களைப் பார்த்துவிட்டேன். நாலு மணி நேரம் ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டு மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பது பெரிய அலுப்பு என்கிறார் அந்த மனிதர். முப்பது வருஷம் ரோட்டோரத்தில் நின்று வருகிறவர் போகிறவரோடு எல்லாம் பேசிப் பழகிய வாய். நீங்கள் என்றைக்காவது ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஆற்றுப்பாலம் பக்கம் போனால், வாசல் படி ஏறி, ஜன்னலோரக் கட்டில், கொஞ்ச நேரம் அவர்கிட்டே உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.